சி.பி.எஸ். என்ற எண்ணை வாசிப்பது எப்படி: தலை, கழுத்துப் புற்றுநோயில் சோதனைச் சாவடிக் குறியீடுகளும் நோய்ப்போக்கும்

வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் செதிள் செல் புற்றுநோய்க்கான பயாப்சி அறிக்கைகளில், அண்மை ஆண்டுகளாக, "பி.டி.-எல்.1: சி.பி.எஸ். 15" என்பது போன்ற ஒரு வரி இடம்பெற்றுவருகிறது. பி.டி.-எல்.1 என்ற புரதம் கட்டியில் எவ்வளவு தென்படுகிறது என்பதற்கான மதிப்பெண்ணே சி.பி.எஸ். நோயாளியின் குடும்பத்தார் அந்த எண்ணைப் பார்த்தவுடன் கேட்பது, "இது கூடுதலாக இருந்தால் நல்லதா, கெட்டதா?" என்பதுதான். பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களும் அதையே, "இதற்கு நோய்ப்போக்கை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் உண்டா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் விடை கொடுக்க முடியாததற்குக் காரணம், அந்த எண் ஆயுளை அளப்பதற்காக வடிவமைக்கப்படவில்லை என்பதே. நோயெதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் சோதனைச் சாவடிகள் என்ற தடுப்புகளை நீக்கும் மருந்துக் குடும்பத்தை யாருக்கு, எந்தத் துணையோடு கொடுக்கலாம் என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே அது உருவானது. இந்த வழிகாட்டி அந்த வரியை எந்த வரிசையில் அணுக வேண்டும், எதை அதிலிருந்து பெறலாம், எதைப் பெறக்கூடாது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறது. மருத்துவ மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் எவரும் பின்தொடர முடியும் என்று நம்புகிறேன்.

முதல் படி: எண்ணைப் பார்க்கும் முன் இடத்தைப் பாருங்கள்

"தலை, கழுத்துப் புற்றுநோய்" என்பது ஒரே நோயின் பெயராக ஒலித்தாலும், அதற்குள் குறைந்தது மூன்று வேறுபட்ட நோய்கள் இருக்கின்றன. புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றால் வருவது ஒன்று. மனிதப் பாப்பிலோமா வைரஸால், பெரும்பாலும் டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வருவது மற்றொன்று. மூக்கின் பின்புறத் தொண்டையில், எப்ஸ்டீன்-பார் வைரஸுடன் தொடர்புடையதாக வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்குச் சிகிச்சையும் தனி, ஆய்வுகளும் தனி என்பதால், இங்கே பேசப்படும் எண்கள் அதற்குப் பொருந்தா.

நடுத்தொண்டையில் வந்த கட்டியாக இருந்தால், பி.டி.-எல்.1 முடிவைத் தேடுவதற்கு முன், பாப்பிலோமா வைரஸின் அடையாளமாகக் கொள்ளப்படும் பி16 என்ற புரதத்தின் முடிவைத் தேட வேண்டும். கட்டிச் செல்களில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ, உட்கருவிலும் செல்திரவத்திலும் மிதமான அல்லது அழுத்தமான சாயம் ஏறியிருந்தால்தான் பி16 நேர்மறை எனக் கொள்ளப்படுகிறது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.டி.ஓ.ஜி. 0129 ஆய்வின் பகுப்பாய்வில், பாப்பிலோமா வைரஸ் கொண்ட நடுத்தொண்டைக் கட்டி உடையவர்களில் 82.4 விழுக்காட்டினரும், வைரஸ் இல்லாதவர்களில் 57.1 விழுக்காட்டினரும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். எந்தச் சோதனைச் சாவடிக் குறியீடும் இதுவரை இவ்வளவு பெரிய, இவ்வளவு சீரான இடைவெளியைக் காட்டியதில்லை. புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவின் கையேட்டின் எட்டாம் பதிப்பு, பி16 நேர்மறை நடுத்தொண்டைப் புற்றுக்குத் தனி நிலைப் பட்டியலையே வகுத்ததற்கு இதுவே காரணம்.

பி16 மட்டும் போதுமா என்றால், முழுமையாகப் போதாது. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 7,654 நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பி16 முடிவும் வைரஸ் சோதனை முடிவும் 9.2 விழுக்காட்டினரிடம் ஒத்துப்போகவில்லை. அப்படி முரண்பட்டவர்களின் நோய்ப்போக்கு, இரண்டும் நேர்மறையாக இருந்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மோசமாக இருந்தது.

நம் ஊரில் மிகுதியாகக் காணும் கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு ஆகியவற்றின் புற்றுநோயில், நோய்ப்போக்கைத் தீர்மானிக்க பி16 பயன்படுவதில்லை. அங்கே கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவியிருக்கிறது, வெட்டி எடுத்த விளிம்பு சுத்தமாக இருக்கிறதா, கழுத்து நிணநீர் முடிச்சின் உறையைத் தாண்டி நோய் வெளியே பரவியிருக்கிறதா என்ற மூன்று செய்திகள்தான் முதலிடம் பெறுகின்றன. இவை அறிக்கையில் இல்லாமல் சி.பி.எஸ். மட்டும் இருக்குமானால், அந்த அறிக்கை முழுமையற்றது.

இரண்டாம் படி: சாவடி என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நோயெதிர்ப்புப் படையின் முன்னணி வீரர்களான டி செல்கள், எதிரியை அடையாளம் கண்டதும் தாக்குகின்றன. தாக்குதல் எல்லை மீறி நம் சொந்தத் திசுக்களையே அழித்துவிடாமல் இருக்க, உடல் சில தடுப்புகளை வைத்திருக்கிறது. அந்தத் தடுப்புகளையே சோதனைச் சாவடிகள் என்கிறோம். டி செல்லின் மேற்பரப்பில் உள்ள பி.டி.-1 என்ற புரதம் அவற்றில் ஒன்று. அதனுடன் இணையும் பி.டி.-எல்.1 என்ற புரதத்தை எதிரில் உள்ள செல் காட்டினால், டி செல்லின் வேகம் அடங்கிவிடுகிறது. இந்த வழிகாட்டியில் வரும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் பி.டி.-1ஐ மறித்து இந்தத் தடுப்பை நீக்குகின்றன. பி.டி.-1 மரபணுவை 1992இல் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் கண்டறிந்தது. சி.டி.எல்.ஏ.-4 என்ற வேறொரு சாவடியைத் தடுத்தால் எலிகளின் கட்டிகள் சுருங்குவதை ஜேம்ஸ் ஆலிசன் குழு காட்டியது. இருவரும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கட்டிச் செல் பி.டி.-எல்.1ஐ ஏன் காட்டுகிறது என்பதற்கு இரண்டு தனித்தனிக் கதைகள் உண்டு. முதல் கதையில், டி செல்கள் கட்டிக்குள் நுழைந்து தாக்கத் தொடங்கி, இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் கட்டிச் செல் தற்காப்புக்காக பி.டி.-எல்.1 கேடயத்தை ஏந்துகிறது. இங்கே கேடயம் இருப்பதே உள்ளே போர் நடக்கிறது என்பதற்குச் சான்று. இரண்டாம் கதையில் டி செல்களே கிட்டத்தட்ட இல்லை. பி.டி.-எல்.1 மரபணு அமைந்துள்ள ஒன்பதாம் குரோமோசோமின் குறுங்கைப் பகுதி பல பிரதிகளாகப் பெருகியதாலோ, கட்டியின் வளர்ச்சிச் சமிக்ஞைகள் தாமாகவே தூண்டுவதாலோ கேடயம் தோன்றுகிறது. பி.டி.-எல்.1க்குச் சாயமிட்ட தகட்டில், நுண்ணோக்கியின் கீழ் இரண்டும் அதே பழுப்பு நிறமாகத்தான் தெரியும்.

பி.டி.-எல்.1 மிகுதியாக இருந்தால் நோய்ப்போக்கு நல்லது என்று சில ஆய்வுகளும், மோசம் என்று வேறு சில ஆய்வுகளும், தொடர்பே இல்லை என்று மற்றவையும் சொல்வதற்கு, என் கருத்தில், அடிப்படைக் காரணம் இதுவே. எந்தக் கதையைச் சேர்ந்த நோயாளிகள் ஓர் ஆய்வுக் குழுவில் அதிகம் இடம்பெற்றார்கள் என்பதைப் பொறுத்து முடிவு சாய்ந்துவிடுகிறது. ஆகவே பழுப்பு நிறத்தைத் தனியாகப் பார்க்காமல், அதன் அருகில் டி செல்கள் இருக்கின்றனவா என்று சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

டி செல்களைப் பார்க்கத் தனிச் செலவுகூடத் தேவையில்லை. வழக்கமான ஹெமடாக்சிலின்-இயோசின் சாயமிட்ட தகட்டிலேயே, கட்டியைச் சூழ்ந்த இணைப்புத் திசுவில் எத்தனை விழுக்காடு இடத்தை நிணச்செல்கள் நிரப்பியிருக்கின்றன என்று கண்ணால் மதிப்பிட முடியும். சி.டி.8 சாயமிட்டால் கொல்லும் வகை டி செல்கள் தனியே தெரியும். கட்டிக்குள் ஊடுருவிய இந்தச் செல்கள் மிகுதியாக இருப்பவர்களின் நோய்ப்போக்கு ஒப்பளவில் நன்றாக இருப்பது, வைரஸ் சார்ந்த கட்டிகளிலும் வைரஸ் சாராத கட்டிகளிலும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. விலை உயர்ந்த சாயத்திற்குக் காத்திருக்கும் நேரத்தில், மேசையில் ஏற்கனவே இருக்கும் தகட்டை மறுமுறை பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவருகிறது என்ற வருத்தத்தையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மூன்றாம் படி: இரண்டு கேள்விகளைப் பிரியுங்கள்

ஒரு குறியீடு, எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் நோயாளி எவ்வளவு காலம் வாழக்கூடும் என்பதைச் சொன்னால் அது நோய்ப்போக்குக் காட்டி. அ என்ற மருந்துக்கும் ஆ என்ற மருந்துக்கும் இடையிலான பலன் வேறுபாடு யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்பதைச் சொன்னால் அது பலன் காட்டி. நடுத்தொண்டையில் பி16 முதல் வகையைச் சேர்ந்தது. சி.பி.எஸ். பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இந்த வேறுபாட்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. புதிய மருந்து பெற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எண் உயர்ந்தவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்று ஒரு கட்டுரை சொன்னால், அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. அவர்கள் பழைய மருந்திலும் அவ்வாறே வாழ்ந்திருக்கக்கூடும். சமவாய்ப்பு முறையில் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்ட ஆய்வில், எண் உயர உயர இரு பிரிவுகளுக்கும் இடையிலான இடைவெளி விரிகிறதா என்று பார்த்தால்தான் பலன் காட்டி என்ற பட்டத்தைக் கொடுக்க முடியும். ஒற்றைப் பிரிவு ஆய்வுகளை வைத்து நோயாளிக்கு நம்பிக்கை ஊட்டுவதும் பயமுறுத்துவதும் ஒரே அளவு தவறு.

நான்காம் படி: திசுவின் தரத்தை உறுதிசெய்யுங்கள்

தவறான திசுவில் செய்த சரியான சாயம் தவறான எண்ணையே தரும். பத்து விழுக்காடு நடுநிலை ஃபார்மலினில் திசு உடனடியாக இடப்பட்டிருக்க வேண்டும். மிகக் குறைவான நேரமும் பல நாள் ஊறலும் புரதத்தைக் கெடுக்கும். தாடை எலும்புக்குள் புகுந்த வாய்ப் புற்றில், எலும்பை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்த பகுதியைச் சாயத்திற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எலும்பில்லாத மென்திசுக் கட்டியிலிருந்து வேறொரு பிளாக்கை (மெழுகில் பதித்த திசுத் துண்டை) கேட்டுப் பெற வேண்டும். தகட்டில் குறைந்தது 100 உயிருள்ள கட்டிச் செல்கள் இல்லையென்றால் எண் கொடுக்கவே கூடாது. பல ஆண்டுகள் பழைய பிளாக்கும், வெட்டி நீண்ட நாள் வைத்திருந்த தகடும் சாயத்தை மங்கச் செய்யக்கூடும்.

ஒரே நோயாளியில் முதன்மைக் கட்டிக்கும் நிணநீர் முடிச்சுக்கும் எண் வேறுபடலாம். சிறு பயாப்சிக்கும் அறுவையில் எடுத்த முழுக் கட்டிக்கும் வேறுபடலாம். கதிர்வீச்சுக்கும் கீமோதெரபிக்கும் பின் மாறலாம். எல்லைக்கோட்டில் ஓர் எண் வந்தால், அண்மையில் எடுத்த வேறொரு திசுவில் மறுமுறை பார்ப்பதைத் தயங்காமல் கேளுங்கள்.

எந்த எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமிட்டார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். பெம்ப்ரோலிசுமாப் ஆய்வுகளில் 22சி3 என்ற எதிர்ப்பொருளும், நிவோலுமாப் ஆய்வுகளில் 28-8 என்பதும் பயன்பட்டன. எஸ்.பி.263 இவற்றுக்கு நெருக்கமாகவே சாயமிடுகிறது. எஸ்.பி.142 கட்டிச் செல்களைக் குறைவாகவே சாயமிடும் என்பது நுரையீரல் புற்றுநோய்த் திசுக்களில் நடந்த ஒப்பீடுகளில் தெளிவாயிற்று.

ஐந்தாம் படி: எண்ணை நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்

சி.பி.எஸ். என்பது ஒருங்கிணைந்த நேர்மறை மதிப்பெண். சாயம் ஏறிய கட்டிச் செல்கள், சாயம் ஏறிய நிணச்செல்கள், சாயம் ஏறிய பெருவிழுங்கிகள் ஆகிய மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தக் கட்டிச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். விடை நூறைத் தாண்டினாலும் நூறு என்றே எழுதப்படும். வகுக்கும் எண்ணில் கட்டிச் செல்கள் மட்டுமே இருப்பதால் சி.பி.எஸ். விழுக்காடு அல்ல, "15 விழுக்காடு" என்று எழுதுவது பிழை, வெறும் 15 என்றே எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தகட்டில் 200 உயிருள்ள கட்டிச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் 10இல் சாயம் ஏறியிருக்கிறது. சுற்றிலும் 34 நிணச்செல்களிலும் பெருவிழுங்கிகளிலும் சாயம் ஏறியிருக்கிறது. 10உம் 34உம் சேர்ந்து 44. அதை 200ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சி.பி.எஸ். 22. கட்டிச் செல்களை மட்டும் கணக்கில் கொள்ளும் டி.பி.எஸ். முறையில் அதே தகடு 5 விழுக்காடு. ஒரே திசு ஒரு முறையில் உயர்ந்த வகுப்பிலும், இன்னொரு முறையில் தாழ்ந்த வகுப்பிலும் விழுகிறது. ஆகவே எந்த முறை என்று தெரியாமல் எண்ணை மட்டும் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்வது ஆபத்தானது.

எண்ணும்போது சில விதிகளை மறக்கக்கூடாது. கட்டிச் செல்லில் செல்சவ்வில் ஏறிய சாயமே கணக்கு. சவ்வின் ஒரு பகுதியில் மட்டும், மெல்லியதாக இருந்தாலும் சேரும். நிணச்செல்லிலும் பெருவிழுங்கியிலும் சவ்வு, செல்திரவம் இரண்டில் எங்கே இருந்தாலும் சேரும். நியூட்ரோஃபில், இயோசினோஃபில், பிளாஸ்மா செல் ஆகியவை சேரா. புண்ணாகி அழுகிய பகுதியும், இன்னும் ஊடுருவாமல் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் புற்றும் சேரா. கட்டியோடு தொடர்புடைய நோயெதிர்ப்புச் செல்களை மட்டுமே எண்ண வேண்டும் என்பது நிணநீர் முடிச்சில் மிக முக்கியம். அங்கே இயல்பாகவே குடியிருக்கும் நிணச்செல்களை எண்ணத் தொடங்கினால் எல்லா நோயாளிகளும் உயர்ந்த எண்ணைப் பெற்றுவிடுவார்கள். வாய்ப் புற்றின் மேற்பரப்பில் கிருமித் தொற்றால் சேரும் அழற்சிச் செல்களும் இதே போன்ற குழப்பத்தைத் தரும். கட்டிச் செல்களை எண்ணுவதில் இரண்டு நோய்க்குறியியலாளர்கள் ஒத்துப்போகும் அளவுக்கு நோயெதிர்ப்புச் செல்களை எண்ணுவதில் ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவில் வைத்து, சிகிச்சை முடிவில் எல்லையாக அமையும் 20ஐ ஒட்டி, 18க்கும் 22க்கும் இடையில் வரும் எண்ணை இன்னொருவர் கண்ணாலும் பார்க்கச் செய்வது நல்லது.

ஆறாம் படி: மீண்டும் வந்த நோயிலும் பரவிய நோயிலும் எண்ணைப் பொருத்துங்கள்

இதுவே வழிகாட்டியின் நடுப்பகுதி. எண்ணுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

முதலில் வந்தது செக்மேட் 141 என்ற ஆய்வு. பிளாட்டினம் வகைக் கீமோதெரபிக்குப் பிறகும் நோய் வளர்ந்த 361 பேரிடம் நிவோலுமாப் மருந்து, வழக்கமான ஒற்றை மருந்துகளோடு ஒப்பிடப்பட்டது. இடைநிலை உயிர்வாழ்காலம் (நோயாளிகளில் பாதிப் பேர் தாண்டிய காலம்) 5.1 மாதங்களிலிருந்து 7.5 மாதங்களாக மட்டுமே உயர்ந்தது. ஆனால் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 16.6 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடு ஆனார்கள். இந்த மருந்து வகையின் இயல்பே இதுதான்: பலருக்குப் பலனில்லை, பலன் கிடைக்கும் சிலருக்கு அது நீடிக்கிறது. இடைநிலை எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். பி.டி.-எல்.1 எவ்வளவு இருந்தாலும் இந்தக் கட்டத்தில் நிவோலுமாப் கொடுக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் அனுமதித்தது.

அடுத்து 2019இல் வெளியான கீநோட்-048 ஆய்வு. முன்பு மருந்து பெறாத, மீண்டும் வந்த அல்லது பரவிய நோயுடைய 882 பேர் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர்: பெம்ப்ரோலிசுமாப் மட்டும், பெம்ப்ரோலிசுமாப்புடன் கீமோதெரபி, பழைய முறையான செட்டுக்ஸிமாப்புடன் கீமோதெரபி. சி.பி.எஸ். 20உம் அதற்கு மேலும் இருந்தவர்களில், பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை உயிர்வாழ்காலம் 14.9 மாதங்கள், பழைய முறையில் 10.7 மாதங்கள், அபாய விகிதம் 0.61. அதாவது, ஆய்வுக் காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இறப்பதற்கான வாய்ப்பு பழைய முறையைவிடச் சுமார் 39 விழுக்காடு குறைவு. ஒன்றும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 12.3 மாதங்களும் 10.3 மாதங்களும், அபாய விகிதம் 0.78. ஒன்றுக்கும் கீழே இருந்தவர்களைப் பின்னர் தனியே பிரித்துப் பார்த்தபோது, பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்கள் 7.9 மாதங்களும் பழைய முறையில் 11.3 மாதங்களும் வாழ்ந்தனர். அபாய விகிதம் 1.51 என்று திரும்பிவிட்டது. இந்தக் கடைசிப் பிரிவில் நோயாளிகள் சிலரே என்பதால் எண்ணின் துல்லியத்தை நம்ப முடியாது, திசையை நம்பலாம்.

இப்போது பழைய முறைப் பிரிவை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள்: 10.7, 10.3, 11.3. சி.பி.எஸ். உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அந்தப் பிரிவினரின் ஆயுள் ஏறக்குறைய மாறவில்லை. பெம்ப்ரோலிசுமாப் பிரிவைப் படியுங்கள்: 14.9, 12.3, 7.9. எண் ஆயுளை அளக்கவில்லை, மருந்தின் பலனையே அளக்கிறது என்று மூன்றாம் படியில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் எண் உயர்ந்திருக்கிறது என்பதாலேயே கீமோதெரபியைக் கைவிட்டுவிட முடியாது. சி.பி.எஸ். 20க்கு மேல் இருந்தவர்களில்கூட, பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பழைய முறையில் அது 36 விழுக்காடு. முதல் சில மாதங்களில் பழைய முறைதான் முன்னணியில் இருந்து, பிறகே கோடுகள் ஒன்றையொன்று கடக்கின்றன. மூச்சுக்குழலை நெருக்கும் கட்டி, இரத்தக் கசிவு, விழுங்க முடியாமை என்று உடனடிச் சுருக்கம் தேவைப்படுபவருக்கு, எண் என்னவாக இருந்தாலும் கீமோதெரபியைச் சேர்ப்பதே பாதுகாப்பு. கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்த பிரிவில் எல்லோரையும் கணக்கில் கொண்டபோது 13.0 மாதங்களுக்கு எதிராக 10.7 மாதங்கள், அபாய விகிதம் 0.77. மறுபக்கம், கடுமையான பக்கவிளைவுகள் தனி மருந்தில் 55 விழுக்காடு, கூட்டு முறையில் 85 விழுக்காடு. முதியவர், உடல் தளர்ந்தவர், கட்டியின் அளவு சிறியது, எண் 20க்கு மேல் என்றால் தனி மருந்தே பொருத்தம். நான்கு ஆண்டுகளுக்குப் பின், எண் 20க்கு மேல் இருந்து தனி மருந்து பெற்றவர்களில் 21.6 விழுக்காட்டினரும், பழைய முறையில் 8 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர்.

மருந்தின் விலை இந்தக் கணக்குகள் அனைத்தையும் நம் நாட்டில் தலைகீழாக்கிவிடுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 151 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அதனால்தான் முக்கியம். மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்று வாய்வழி மருந்துகளோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்க்கப்பட்டது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு அது. ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாகவும், இடைநிலைக் காலம் 6.7 மாதங்களிலிருந்து 10.1 மாதங்களாகவும் உயர்ந்தது. முழு அளவு மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வல்ல இது. ஆயினும் முழு அளவை வாங்க இயலாதவருக்கு "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்குப் போதுமான ஆதாரம்.

ஏழாம் படி: அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் உரிய நோயில் கூடுதல் கவனம் கொள்ளுங்கள்

பரவிய நோயில் பலன் தந்த மருந்தைக் கதிர்வீச்சு-கீமோதெரபியோடு சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. பி.டி.-எல்.1ஐத் தடுக்கும் அவெலுமாப் மருந்தைச் சேர்த்த ஜாவெலின் ஆய்வு தோற்றது. பெம்ப்ரோலிசுமாப்பைச் சேர்த்த கீநோட்-412 புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. கழுத்து முழுவதும் கதிர்வீச்சு கொடுக்கும்போது, டி செல்கள் பயிற்சி பெறும் நிணநீர் முடிச்சுகளும் சேர்ந்து எரிகின்றன என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. எனவே சி.பி.எஸ். எவ்வளவு உயர்ந்திருந்தாலும், அறுவையில்லாமல் கதிர்வீச்சு-கீமோதெரபி பெறும் நோயாளிக்கு இந்த மருந்தை வழக்கமாகச் சேர்க்க அது காரணமாகாது.

அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுத்த கீநோட்-689 வேறு விடை தந்தது. 714 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், அறுவைக்கு முன் இரண்டு தவணையும் பின்னர் பதினைந்து தவணையும் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்புதல் போன்ற நிகழ்வு எதுவும் இன்றி இருந்தவர்கள் 57.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 46.4 விழுக்காடு. சி.பி.எஸ். ஒன்றும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இம்முறையை அமெரிக்க நிர்வாகம் 2025 ஜூனில் அனுமதித்தது. ஆகவே, வெட்டி எடுக்கக்கூடிய முற்றிய வாய்ப் புற்றில் முதல் பயாப்சியிலேயே, அறுவைத் தேதி குறிக்கும் முன்பே, சி.பி.எஸ். கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது. அறுவைக்குப் பின் கேட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

எட்டாம் படி: மற்றக் குறியீடுகளை அவற்றின் இடத்தில் வையுங்கள்

சி.டி.எல்.ஏ.-4, லாக்-3, டிம்-3, டிஜிட் ஆகிய சாவடிகளைப் பற்றிய கட்டுரைகள் குவிகின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் லாக்-3ஐத் தடுக்கும் ரெலட்லிமாப், நிவோலுமாப்புடன் சேர்த்து 2022இல் அனுமதி பெற்றது. தலை, கழுத்துப் புற்றில் இவற்றின் அளவை வைத்துச் சிகிச்சையை மாற்றும் நிலை இன்னும் வரவில்லை. நிவோலுமாப்புடன் சி.டி.எல்.ஏ.-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப்பைச் சேர்த்த செக்மேட் 651 ஆய்வு தன் முதன்மை இலக்குகளை அடையவில்லை.

இவற்றின் ஆர்.என்.ஏ. அளவு உயர்ந்திருந்தால் நோய்ப்போக்கு நல்லது என்று சொல்லும் கட்டுரைகளைப் பார்த்து வியப்படைய வேண்டாம். பி.டி.-1, சி.டி.எல்.ஏ.-4, டிஜிட் ஆகியவை முக்கியமாக டி செல்கள் அணியும் சட்டைகள். கட்டியை அரைத்து மொத்தமாக அளக்கும்போது, சட்டைகள் மிகுதி என்றால் டி செல்கள் மிகுதி என்றே பொருள். இரண்டாம் படியில் சொன்ன பழைய செய்தியே புதிய பெயரில் வருகிறது. டி செல்களின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தக் குறியீடு தனித்து நிற்கிறதா என்பதே கேட்க வேண்டியது.

வைரஸ் சாராத கட்டிகளில் ஒன்பதாம் குரோமோசோமின் குறுங்கை இழப்பு, டி செல்கள் வறண்ட நிலையோடும் இம்மருந்துகளுக்குப் பணியாமையோடும் தொடர்புடையதாகக் காணப்பட்டிருப்பது எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தரும் தடயமாகத் தோன்றுகிறது. ஆனால் அதுவும் இன்னும் ஆய்வக மேசையில்தான் இருக்கிறது.

ஒன்பதாம் படி: புதிய கட்டுரையைச் சோதித்து வாசியுங்கள்

கட்டிக் குறியீட்டு ஆய்வுகள் எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று 2005இல் ரிமார்க் என்ற நெறிமுறை வகுக்கப்பட்டது. அதை முழுவதும் மனப்பாடம் செய்யாவிட்டாலும், சிலவற்றைத் தேடிப் பாருங்கள். உயர்வு, தாழ்வு என்று பிரிக்கும் எல்லை எண் ஆய்வுக்கு முன்பே முடிவு செய்யப்பட்டதா, இல்லை, தரவைப் பார்த்தபின் மிக அழகான கோடு வரும் இடத்தில் வெட்டப்பட்டதா? பின்னது என்றால், வேறொரு நோயாளிக் குழுவில் அதே எல்லை சோதிக்கப்படும்வரை அந்த முடிவை ஒதுக்கி வையுங்கள். நடுத்தொண்டையையும் வாயையும் ஒரே கூடையில் போட்டு, பி16ஐச் சரிசெய்யாமல் கணக்கிட்டிருந்தால், அவர்கள் கண்டது வைரஸின் விளைவாக இருக்கலாம். நோயின் நிலை, முடிச்சு உறை மீறல், விளிம்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தபின்னும் குறியீடு நிற்கிறதா என்பதையும், ஒரே ஆய்வில் எத்தனை குறியீடுகள் சோதிக்கப்பட்டன என்பதையும் பாருங்கள். இருபதைச் சோதித்தால் ஒன்று தற்செயலாகவே வெற்றி பெறும்.

பத்தாம் படி: அறிக்கையை இப்படி எழுதுங்கள், இப்படி எழுதச் சொல்லுங்கள்

பயன்படும் அறிக்கையில் திசு எடுத்த இடம், எடுத்த தேதி, அதற்கு முன் பெற்ற சிகிச்சை, எதிர்ப்பொருளின் பெயர், உயிருள்ள கட்டிச் செல்கள் நூறுக்கு மேல் உள்ளனவா என்ற குறிப்பு, கட்டுப்பாட்டுத் தகட்டின் நிலை, சி.பி.எஸ்., டி.பி.எஸ். இரண்டும் தனித்தனி எண்களாக இருக்க வேண்டும். "நேர்மறை" என்று மட்டும் எழுதினால் 1க்கும் 90க்கும் வேறுபாடு மறைந்துவிடும். இணைப்புத் திசுவில் நிணச்செல்கள் நிரம்பிய அளவையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

குடும்பத்தார் "எண் 15 என்றால் எவ்வளவு நாள்?" என்று கேட்கும்போது, "இந்த எண் நாளைச் சொல்லாது, பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாமா, தனியாகவா கீமோதெரபியோடா என்று நாங்கள் முடிவெடுக்கத்தான் இது, அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் இருப்பதால் சேர்த்தே கொடுக்க நினைக்கிறோம், செலவையும் சேர்த்துப் பேசுவோம்" என்று அவர்களோடு உட்கார்ந்து சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும்.